ஹில்மா வைத்த கிளிப் பலகை

ஹில்மா கோஸ்கெலா லிண்டன் இல்லத்தில் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. இரண்டு முறை தேர்தலில் நின்றாள். இரண்டு முறையும் தோற்றாள். கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் பாதிப் பேர் பின்னல் ஊசியைக் கையில் எடுப்பார்கள். அவள் ஒரு வாக்கியம் முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் கம்பளிக் காலுறையில் ஒரு வரிசை பின்னிவிடலாம். இல்லத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு யாரைப் பற்றியாவது எழுதித் தரும்படி இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். தலைவர்களாக இருந்தவர்களின் படங்கள் மாடிப்படி நெடுகத் தொங்குகின்றன. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஹில்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

1936இல், ஊர் முழுக்க வேலையில்லாமல் கிடந்த காலத்தில், விடுதிக் கட்டணம் கட்ட முடியாத எட்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு பழைய டாக்டர் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். முதலாளி கிடையாது, வேலைக்காரர் கிடையாது. வீட்டை நடத்துவது குடியிருப்பவர்களே. ஆளுக்கு வாரம் ஆறு மணி நேர வேலை, ஆளுக்கு ஓர் ஓட்டு. எந்த மதம், என்ன நிறம் என்று யாரையும் கேட்பதில்லை. போர் வந்தது, பையன்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், 1943இல் வீடு பெண்கள் கைக்கு வந்தது. வாசலில் நின்ற லிண்டன் மரம் ஒரு புயலில் சாய்ந்தது. அதை நாங்களே அறுத்து எரித்தோம். பெயரை மட்டும் மாற்றவில்லை. பெயர்ப் பலகைக்கு அப்போதுதான் வர்ணம் அடித்திருந்தார்கள்.

1944 இலையுதிர் காலத்தில் நான் செவிலியர் படிப்புக்கு வந்தேன். ஹில்மாவும் அதே வாரம் வந்தாள். மூன்றாம் மாடியில் இருவருக்கும் ஒரே அறை. உயரமானவள். புருவம் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்கு வெளிறிய நிறம். அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய ஊர் மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரிக்கரையில் இருந்த செம்புச் சுரங்க ஊர். அங்கிருந்த ஃபின்லாந்துக் குடும்பங்கள் சுரங்கக் கம்பெனிக் கடையில் வாங்கக்கூடாது என்று முடிவெடுத்து, சொந்தமாகக் கூட்டுறவுக் கடை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய அப்பா.

ஃபின்லாந்துக்காரர்களின் நீராவிக் குளியலறையான சானாவின் அடுப்பை மூட்டி வளர்ந்தவள் என்பதால் நெருப்பு அவள் சொன்னபடி கேட்கும். வந்த முதல் வாரமே அவளை நிலவறைக்கு அனுப்பிவிட்டோம். வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி உலை அங்கேதான் இருந்தது. இரண்டு மாதம் நாங்கள் சொர்க்கத்தில் இருந்தோம். காலையில் கண் விழித்தால் வெந்நீர்; குளியலறையில் மூச்சு புகையாக வராது. எலினோர் கிரீன்லீ நன்றாகச் சமைப்பாள்; அவள் எப்போதும் சமையல். எனக்குத் துடைப்பதும் கழுவுவதும். பழக்கமானவருக்குப் பழகிய வேலை. யாருக்கும் இதில் குறை தோன்றவில்லை.

நவம்பர் கூட்டத்தில் ஹில்மா எழுந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் எல்லா வேலையும் கைமாற வேண்டும் என்றாள். தான் உலையை விட வேண்டும், வேறொருத்தி அதை எடுக்க வேண்டும், சுற்றி வந்து பதினெட்டு பேரும் பதினெட்டு வேலையும் செய்ய வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டோம். வழக்கம்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு குளிர்காலம் அவளுடைய அப்பா நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் படுத்துவிட்டார். மாவு எங்கே வாங்குவது, சாவி எந்தப் பூட்டுக்கு, ரயிலில் வரும் சரக்குக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பது வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்குச் சொந்தக்காரர்களான இருநூறு குடும்பங்கள் பனியில் நின்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கம்பெனிக் கடைக்கு வாங்கப் போனார்கள்.

"கடை எங்களுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா அப்பா படுத்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அவங்க எல்லாரும் வெறும் வாடிக்கைக்காரங்கன்னு" என்றாள்.

நான் எதிர்த்தேன். கை தேர்ந்தவர்தான் ஊசி போட வேண்டும், அதுதான் மருத்துவமனையில் எங்களுக்குச் சொல்லித் தருவது என்றேன்.

"நீ போன வாரம் முதல் ஊசி போட்டேல்ல? அந்த ஆளு கிட்ட அது முதல் ஊசின்னு சொன்னியா?" என்று கேட்டாள். சொல்லவில்லை.

தீர்மானம் தோற்றது. அடுத்த மாதம் எலினோருக்கு ஃப்ளூ வந்தது. ஒன்பது நாள் மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி குடித்தோம். அதுவும் அடிப்பிடித்த கஞ்சி. பத்தாம் நாள் ஹில்மா அதே தீர்மானத்தை அதே வார்த்தைகளில் வாசித்தாள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

அன்று மாலையே ஒரு பலகையை அறுத்து, வேலைகளின் பெயரை வரிசையாக எழுதி, சமையலறைக் கதவருகே அடித்தாள். துணி காயப்போடும் மரக் கிளிப் பதினெட்டு எடுத்து, ஆளுக்கொன்றில் பெயர் எழுதிச் செருகினாள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாக் கிளிப்பும் ஒரு படி கீழே நகரும். கடைசிக் கிளிப் மேலே போகும். அவ்வளவுதான் ஏற்பாடு.

போர் முடிந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்க வந்தார்கள். போர்க்காலத்தில் கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலை தொடங்கியது. 1946 கடைசியில் பல்கலைக்கழகத்தின் மாணவியர் நலன் அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. மாணவிகள் குடியிருக்கும் எந்த வீட்டிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு வார்டனம்மா தங்கியிருக்க வேண்டும். அவர்தான் கதவைப் பூட்டுவார், சமையல்காரியையும் உலைக்காரனையும் வைத்து வேலை வாங்குவார், வீட்டுக்குப் பொறுப்பாவார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பிப்ரவரியோடு அனுமதி ரத்து.

வார்டனம்மாவுக்கு அறை ஒதுக்க மூன்று பேர் வெளியேற வேண்டும். சம்பள ஆட்கள் மூன்று பேரை வைத்தால், மிஞ்சுகிறவர்களில் பாதிப் பேரால் அங்கே இருக்க முடியாது. எனக்கு மருத்துவமனைக் குடியிருப்பில் ஒரு கட்டில் கிடைத்துவிடும். ஹில்மாவுக்கு அதுவும் இல்லை. அவளுடைய உதவித்தொகை, அலுவலகம் அனுமதித்த வீட்டில் தங்கினால்தான் கிடைக்கும். மற்ற விடுதிகளின் கட்டணம் அவளுக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. வேதியியலில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அனுமதி போனால் மார்ச் மாதம் ரயிலேறி வடக்கே போய் அப்பாவின் கடையில் சர்க்கரை நிறுக்க வேண்டியதுதான். இதை அவள் ஒரே ஒரு முறை, சாக்ஸ் துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

நாங்கள் மனு எழுதினோம். எங்கள் வீட்டை ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கும்படி கேட்டோம். அலுவலகத்திலிருந்து மிஸ் ஆல்டஸ் பிப்ரவரி 11, செவ்வாய், மதியம் இரண்டு மணிக்கு வருவதாகப் பதில் வந்தது.

ஞாயிறன்று கிளிப்புகள் நகர்ந்தன. ஹில்மாவின் கிளிப் ரொட்டி சுடும் வேலைக்கு வந்தது. உலைக்கு வந்தது மினா ஷாப்கின்.

மினா டெட்ராய்ட் தையல்காரர் ஒருவரின் மகள். பியானோ படித்தாள். விரல் கெட்டுவிடுமென்று கதவுக் கைப்பிடியைக்கூடக் கையுறை போட்டுத் திருப்புவாள். அதற்கு முன் உலை அவள் கையில் இருந்த வாரங்களில் இரண்டு முறை நெருப்பு அணைந்தது. ஒரு முறை புகை வீடெல்லாம் நிறைந்து, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். தீயணைப்புக்காரர்களுக்கு நாங்கள் காபி போட்டுக் கொடுத்தோம்.

உடனே அவசரக் கூட்டம் போட்டோம். இந்த ஒரு வாரம் மட்டும் மினாவும் ஹில்மாவும் மாற்றிக்கொள்ளட்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். பதினெட்டு பேரின் குடியிருப்பு ஒரு கிளிப்பை விடப் பெரியது என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். வெளியில் பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே. வீடு சில்லிட்டால் அந்த அம்மாள் கோட்டைக் கழற்றாமலே எழுந்து போய்விடுவார் என்றேன்.

ஹில்மா எழுந்தாள். யாரும் பின்னல் ஊசியை எடுக்கவில்லை.

"அவங்க வந்து பாக்கப்போறது ஒரே ஒரு விஷயம். பொறுப்பான ஆளு ஒருத்தர் இல்லாம இந்த வீடு நடக்குமான்னு. நான் கீழ போயி நின்னா, நடக்காதுன்னு நாமே சொன்ன மாதிரி. அப்புறம் வார்டனம்மா வரட்டும்." என் பக்கம் திரும்பினாள். "ஊருக்குப் போகப் போறது நான்தான். எனக்கும் தெரியும்."

பத்துக்கு எட்டு. என் தீர்மானம் தோற்றது. மினாவும் என் பக்கம்தான் கை தூக்கியிருந்தாள்.

"எனக்கு எதிரா நானே ஓட்டுப் போட்டேன். அதுலயும் தோத்தேன். என்னை மாதிரி ஒருத்தி இந்த மாநிலத்துலயே கிடையாது" என்று புலம்பிக்கொண்டே நிலவறைக்குப் போனாள்.

அடுத்து நடந்ததை நான் பெருமையோடு எழுத முடியாது. ஆனால் எழுதாமல் விட்டால் கதை நிற்காது.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு நான் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மெதுவாக நிலவறைக்கு இறங்கினேன். நெருப்பு நன்றாகவே இருந்தது. இருந்தாலும் மதியம் வரை தாங்கட்டும் என்று மூன்று மண்வாரி நிலக்கரி போட்டு, கீழ்க் காற்றுக் கதவை முக்கால்வாசி மூடிவிட்டுப் போனேன். ஏழு மணிக்கு மினா வந்து, தன் பங்குக் கரியைச் சரியாகவே போட்டாள். ஒன்பது மணிக்கு எலினோர் யாருக்கும் தெரியாமல் வந்தாள். கரி கறுப்பாகத் தெரிகிறதே என்று இன்னும் நான்கு மண்வாரி போட்டாள். பதினொரு மணிக்கு மேரி லூ டேட் என்ற கணித மாணவி வந்து, புகைகிறதே என்று பயந்து, கரியைத் தாங்கும் கம்பித்தட்டை ஆட்டுகிற நெம்புகோலைப் பிடித்து ஓங்கி ஓங்கி ஆட்டினாள். மிஞ்சியிருந்த அனலெல்லாம் சாம்பல் குழியில் விழுந்தது. உலையைத் தொடவே தெரியாத பதினெட்டு பேர் இருந்த வீடாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது. எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் வந்த வினை.

மூன்று பேருமே ஓட்டில் தோற்றவர்கள். ஒருத்தி வந்து போனது மற்றவளுக்குத் தெரியாது.

ஒன்றரை மணிக்கு நான் திரும்பியபோது வீட்டுக்குள் கோட்டோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். நிலவறையிலிருந்து மினா ஏறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உலைக்குள் கையை விட்டுத் துழாவலாம், அவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்றாள். சமையலறையில் ஹில்மா முழங்கை வரை மாவோடு நின்றாள். ஏலக்காய் தட்டிப் போட்டு அவளுடைய ஊரில் செய்யும் இனிப்பு ரொட்டி. அது மட்டும் விறகடுப்பில் வெந்துகொண்டிருந்தது. வீட்டில் சூடாக இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். மினா அவளைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"செய்தித்தாள் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு" என்று மட்டும் ஹில்மா சொன்னாள்.

சரியாக இரண்டு மணிக்கு மணி அடித்தது. மிஸ் ஆல்டஸ் சின்ன உருவம், ஐம்பது வயது இருக்கும். கோட்டைக் கொடுக்கும்படி கேட்ட பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். அவருடைய மூச்சு வெள்ளையாக வந்தது. கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் பொறுப்பானவர் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வீட்டுக்கு யாரும்மா பொறுப்பு?"

நிலவறைக் கதவைத் திறந்துகொண்டு மினா வந்து நின்றாள். மூக்கில் கரி. கையில் கையுறை இல்லை.

"எதுக்குன்னு கேக்கறீங்க, மேடம்? உலைக்குன்னா நான்தான். அணைஞ்சு போச்சு. திரும்ப மூட்டணும். நாப்பது நிமிஷம் ஆகும்."

மிஸ் ஆல்டஸ் அவளையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்கு வந்தார். பலகையைப் படித்தார். கிளிப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தார். உங்களில் யாருக்கு உலை நன்றாகத் தெரியும் என்று கேட்டார். எல்லோர் கண்ணும் போன இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"அப்போ நீ ஏம்மா கீழ போகல?"

"என் வேலை ரொட்டி, மேடம்" என்றாள் ஹில்மா. மாவை மடித்துப் புரட்டினாள்.

"இதுவே ஒரு வார்டனம்மா இருந்திருந்தா?"

"உலைக்காரருக்கு ஆள் அனுப்பியிருப்பாங்க. அவர் நாலு மணிக்கு மேலதான் வருவாரு."

மிஸ் ஆல்டஸ் சிரிக்கவில்லை. நிலவறைக்கு வழி கேட்டார். அவருக்குப் பின்னால் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் படியில் வரிசையாக நின்றோம். மினா உலையின் வாயைத் திறந்து, அடைத்துக் கிடந்த கரியையெல்லாம் வாரி வெளியே எடுத்திருந்தாள். அரை மணி நேரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி வைத்தாள். அதன் மேல் சிறாய், அதன் மேல் பிளந்த விறகு. நெருப்பு வைத்தாள். பிடித்தது. புகை லேசாக எங்கள் பக்கம் திரும்பியது. மிஸ் ஆல்டஸ் கையை நீட்டிப் புகைபோக்கித் தகட்டைத் திருப்பப் போனார்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் மினா.

மிஸ் ஆல்டஸின் கை தகட்டருகே நின்றது.

"இது என் வாரம், மேடம். கரி இருந்த இருப்பைப் பாத்தா, என்னைத் தவிர வேற யாரோ தொட்டிருக்காங்க. அதனாலதான் அணைஞ்சுது."

யார் என்று மிஸ் ஆல்டஸ் திரும்பிக் கேட்டார். எனக்கு வேறு வழி இல்லை. நான்தான், காலை ஆறு மணிக்கு என்றேன். எனக்கு மேல் படியிலிருந்து எலினோர், நானும் என்றாள். மேரி லூ அதற்கும் மேலிருந்து, கம்பித்தட்டை ஆட்டியது நான் என்றாள். பொய் சொல்ல நினைத்திருந்தால் நேரம் இருந்தது. ஒருத்தரும் நினைக்கவில்லை. இதை எழுதும்போது இந்த வீட்டைப் பற்றி எனக்கு வருகிற பெருமையெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது.

மிஸ் ஆல்டஸ் கையை இழுத்துக்கொண்டார். கரித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மினா கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பக்கம் அனல் தெரியும்படி விட்டுப் போடுவதைக் கடைசி வரை பார்த்தார். நாற்பது நிமிடம் என்று சொன்னவள் நாற்பத்தைந்து எடுத்தாள். வெப்பக்காற்று மேலே ஏறத் தொடங்கியதும் அவர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேலே வந்து ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொறுப்பானவர் பெயர் என்ற கட்டத்தில் அவர் எழுதியதை ஹில்மா எதிரே நின்று தலைகீழ் எழுத்துகளாகவே படித்தாள்: 'சமையலறைக் கதவருகே உள்ள பலகையைப் பார்க்கவும்.'

பத்து நாளில் கடிதம் வந்தது. வார்டன் இல்லாமல் நடத்த ஓராண்டுச் சோதனை அனுமதி. ஓராண்டு முடிந்ததும் மறுபடி பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. யாரும் பரிசீலிக்கவில்லை, நாங்களும் போய் நினைவூட்டவில்லை. மிஸ் ஆல்டஸ் ஓய்வு பெற்றார், அந்த அலுவலகமே பிறகு கலைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் லிண்டன் இல்லம் இன்றும் சோதனையில்தான் இருக்கிறது. இதற்குள் வீட்டை நாங்களே வாங்கிவிட்டோம். அதைப் பார்த்து இதே ஊரில் இன்னும் ஒன்பது வீடுகள் உண்டாயின. ஒவ்வொன்றிலும் சமையலறைக் கதவருகே கிளிப் பலகை இருக்கிறது.

ஹில்மா 1948இல் பட்டம் வாங்கினாள். மாநிலக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டவர்கள் இருந்தார்கள். அங்கேயும் கிளிப் பலகை வைக்கப் பார்த்து மேலதிகாரியோடு மோதினாள் என்று கேள்வி. எங்கள் நிலக்கரி உலையை எடுத்துவிட்டு எரிவாயு உலை வைத்தபோது அவள் வருந்துவாள் என்று நினைத்து, ஒரு விடைபெறும் விழா வைத்துக் கூப்பிட்டார்கள். வந்து எட்டிப் பார்த்தாள். "நல்ல காலம். முதுகு தப்பிச்சுது" என்று சொல்லிவிட்டு, புதியதன் வடிகட்டியை மாற்றுவது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. விழா அங்கேயே பயிற்சி வகுப்பாக மாறியது.

2003 குளிர்காலத்தில் அவள் இதயம் பலவீனப்பட்டுப் படுக்கையில் விழுந்தாள். முதியோர் இல்லத்துக்குப் போக மாட்டேன் என்றாள். பழைய ஆட்கள் நாங்கள் ஐந்து பேர் ஊரில் இருந்தோம். ஆளுக்கொரு வாரம் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. குளிர்பதனப் பெட்டி மேல் ஐந்து கிளிப். நாற்பத்தொரு ஆண்டு நோயாளிகளைப் புரட்டிப் போட்டவள் நான். என்னிடமே விட்டுவிடுங்கள் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

மினாவின் முதல் வாரம் நான் சும்மா பார்க்கப் போனேன். எழுபத்தேழு வயது, பியானோ வாசித்து முடிச்சு விழுந்த விரல்கள். ஹில்மாவை ஒரு பக்கம் சாய்த்து விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் தப்பு. விரிப்பை நீளவாட்டில் மடிக்கவில்லை, முழங்காலை மடக்கி வைக்கவில்லை. ஹில்மாவின் உதடு வலியில் இறுகியது. என் கை தானாக நீண்டது.

"டிரூடி, கையை எடு" என்றாள் ஹில்மா. "இது யாரு வாரம்?"

"மினாவோடது."

"அப்போ வாயால சொல்லு."

சொன்னேன். விரிப்பை நீளவாட்டில் பாதியாகச் சுருட்டு, முழங்காலை மடக்கு, தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பு. நான்காவது தடவை கொஞ்சம் சரியாக வந்தது. "உலையை விட இது லேசுதான்" என்றாள் மினா. "ஆனா உலை என்னைப் பாத்து முறைக்கல" என்று ஹில்மாவைக் காட்டினாள்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமைக் காலையில் ஹில்மா இறந்தாள். அதுவும் மினாவின் வாரம். எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நான் வந்து சேர்வதற்குள் அவளைத் துடைத்து, இரவு உடையை மாற்றி, தலை சீவி வைத்திருந்தாள். நான் பழக்கத்தில் முதலில் விரிப்பைத்தான் பார்த்தேன். நான்கு மூலையும் சரியாக மடித்திருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் செய்திருந்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.